தலைகீழ் அளவை

கே*(892) என்ற மீசான் பிறந்த வேகத்திலேயே கேயானாகவும் பையானாகவும் உடைந்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு முறைதான் அது கேயானையும் ஃபோட்டானையும் தந்து சிதைகிறது. மின்னூட்டமுள்ள கே*-இன் மொத்தச் சிதைவு அகலம் சுமார் 50 மெகா எலெக்ட்ரான்வோல்ட். அதில் கதிர்வீச்சுச் சிதைவின் பங்கு வெறும் 50 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். இதை நேரடியாகப் பிடிக்க முயன்றால் மற்றச் சிதைவே வேடம் போட்டு வந்து நிற்கும். நடுநிலைப் பையான் தரும் இரண்டு ஃபோட்டான்களில் ஒன்று கருவிக்குத் தப்பினால் போதும்.

இதற்கு மாற்று வழி 1951-இல் ஹென்றி பிரிமாக்கோஃப் நடுநிலைப் பையானுக்காகச் சொன்ன யோசனையிலிருந்து வந்தது. விரைந்து வரும் கேயான் கனமான அணுக்கருவை ஒட்டிக் கடக்கையில், அதன் மின்புலத்திலிருந்து ஒரு ஃபோட்டானை வாங்கிக்கொண்டு கே* ஆகிறது. சிதைவின் தலைகீழ் வினை இது. எத்தனை கே* உருவாகின்றன என்று எண்ணினால் கதிர்வீச்சு அகலம் கிடைத்துவிடும். அணு எண்ணின் இருமடிக்கு ஏற்ப எண்ணிக்கை கூடுவதால், செம்பைவிட ஈயம் எட்டு மடங்கு பலன் தரும்.

பலன் உண்மையானது. 1980-களில் ஃபெர்மிலாப் சோதனைகள் மின்னூட்டமுள்ள கே*-க்கு ஏறத்தாழ 50, நடுநிலை கே*-க்கு 116 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் என்று கண்டன. கே*-களில் இடம்பெறும் மூன்று வகைக் குவார்க்குகளும் சம எடை என்றால் இந்த விகிதம் 4 ஆக வேண்டும், கிடைத்ததோ 2.3. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கனமானது, அதன் காந்தத் திருப்புத்திறன் குறைவு என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் அளவீடுகள் அதிகமில்லை.

ஆனால் அந்த எண் எப்படி வருகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். 200 கிகா எலெக்ட்ரான்வோல்ட் கற்றையில் மின்புலத்தால் உருவாகும் கே*-கள் 1.4 மெகா குறுக்கு உந்தத்தில் உச்சம் காட்டும். கோணமாகச் சொன்னால், ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிமீட்டர் விலகல். ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத் தகடே துகளைச் சிதறடித்து அதைப் போல ஐந்து மடங்கு உந்தத்தைச் சேர்த்துவிடும். ஆகவே உச்சத்தின் உருவம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மழுங்கிய மேட்டின் பரப்பைத்தான் கணக்கிடுகிறார்கள். அணுக்கருவின் வலுவிசையும் அதே கே*-ஐ உருவாக்கி, சில பத்து மெகா உந்தத்தில் தன் மேட்டை எழுப்புகிறது. இரண்டும் குறுக்கிடும்போது கட்ட வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதையும் தரவிலிருந்தே பொருத்தி எடுக்க வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ரோ மீசானுக்கு 1974-இல் சுமார் 23 கிகா கற்றையில் கிடைத்த மதிப்பு 35 கிலோ. கற்றையின் ஆற்றல் பல மடங்கு உயர்ந்த பிறகு அது ஏறத்தாழ இரட்டித்தது. ஈட்டா மீசான் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதையும் அகலத்துக்குக் கார்னெல் சோதனை 0.32 கிலோ என்றது. எலெக்ட்ரான்–பாசிட்ரான் மோதல்கள் 0.5 என்றன. 2008-இல் வலுவிசைப் பகுதியைத் திருத்திக் கணித்ததும் அதே கார்னெல் தரவு 0.48-க்கு ஏறியது. தரவு மாறவில்லை, கணிப்பு மாறியது. பிழை எல்லைக்குள் இந்த ஆபத்து முதலில் இடம்பெறவே இல்லை.

கே*-க்கு ஒரு பாதுகாப்பு உண்டு: அதை உருவாக்கும் வலுவிசைப் பகுதி ஆற்றல் ஏற ஏறத் தேய்கிறது. கே1 மீசான்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வலுவிசையின் விளிம்பு விலகல் வழியாக அவை எந்த ஆற்றலிலும் தாராளமாகப் பிறக்கும். கேடெவ் சோதனை 2002-இல் கே1(1270)-க்குத் தந்த மதிப்பைப் பாருங்கள்: 73 கிலோ, புள்ளியியல் பிழை 6, முறைசார் பிழை 28. தரவை நான்கு மடங்காக்கினாலும் இந்த அளவீடு பெரிதாக மேம்படாது. இதை அளவீடு என்பதைவிட மதிப்பீடு என்பதே நேர்மை.

கற்றையிலும் முரண் இருக்கிறது. புரோட்வினோவின் ஓகா சோதனை கேயான்களைப் பிரித்தெடுத்துச் செறிவாக்குகிறது. ஆனால் ஆற்றல் 17.7 கிகாதான். அங்கே மின்புல உச்சம் சுமார் 16 மெகாவுக்கு நகர்ந்து வலுவிசை மேட்டோடு ஒட்டிக்கொள்கிறது. செர்ன் கற்றை 190 கிகா தருகிறது, அதில் கேயான்கள் சுமார் 2 விழுக்காடு. அங்கே கேயான் கற்றை அளவீடுகளைத் திட்டமிடும் ஆம்பர் குழு எண்ணிக்கையைப் பெருக்குவதோடு நிற்காமல், ஒரே கற்றையில் இலேசான கரு ஒன்று, கனமான கரு ஒன்று எனக் குறைந்தது இரண்டு இலக்குகளை வைத்து, பொருத்திய கட்ட வேறுபாட்டையும் அகலத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும். மின்புலப் பங்கும் வலுவிசைப் பங்கும் அணு எண்ணோடு வெவ்வேறு விதமாக வளர்வதால், இரண்டு கருக்களும் ஒரே அகலத்தைத் தந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.