அப்பெல்ஃபெல்டின் பாடன்ஹைம்: தலைப்பில் ஒட்டிக்கொண்ட வருடம்

அஹரோன் அப்பெல்ஃபெல்டின் 'பாடன்ஹைம் 1939' பற்றிப் பேசுபவர்கள் ஒரு சின்ன விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஹீப்ரு மூலத்தின் தலைப்பில் வருடமே கிடையாது. 'பாடன்ஹைம், ஓய்வு நகரம்', அவ்வளவுதான். 1980-ல் ஆங்கிலத்தில் வந்தபோது 1939 ஒட்டிக்கொண்டது. நாலு இலக்கம்தானே என்று விட்டுவிட முடியாது. அது நாவலையே வேறொன்றாக்கி விடுகிறது என்பது என் கட்சி.

கதை தெரியாதவர்களுக்கு: ஆஸ்திரியாவில் ஒரு ஓய்வு நகரம், வசந்த காலம். இசை விழா நடத்தும் டாக்டர் பாப்பன்ஹைம் வாத்தியக்காரர்கள் வந்து சேரணுமே என்று தவிக்கிறார். ஊரே கேக்கும் காதலுமாக இருக்கிறது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து அளவெடுக்கிறார்கள். யூதர்கள் எல்லாரும் பெயர் பதியவேண்டும் என்கிறார்கள். போலந்தைப் புகழ்ந்து சுவரொட்டிகள் முளைக்கின்றன. அப்புறம் ஊரை மூடிவிடுகிறார்கள், சாப்பாடு குறைகிறது. கடைசியில் எல்லாரும் கிட்டத்தட்ட உற்சாகமாகவே ரயிலடிக்கு நடக்கிறார்கள். அழுக்கான சரக்குப் பெட்டிகள் வந்து நிற்கின்றன. பெட்டி இவ்வளவு அழுக்கா இருந்தா ரொம்ப தூரம் போகாது என்று பாப்பன்ஹைம் கணக்குப் போடுகிறார். நாவல் முடிந்தது. முகாம் வாசல் வரைக்கும்கூட நம்மைக் கூட்டிப்போவதில்லை.

இதன்மேல் வலுவான ஒரு குற்றச்சாட்டு உண்டு. விமர்சகர் மைக்கேல் ஆந்த்ரே பெர்ன்ஸ்டைன் 1994-ல் வந்த தன் புத்தகத்தில் வைத்தது: முடிவு நமக்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை வைத்து, செத்தவர்களை முட்டாள்களாகக் காட்டுகிறார் அப்பெல்ஃபெல்ட். லேசில் ஒதுக்க முடியாத வாதம்.

என் தொழிலில் இது தினசரி நடக்கும். சர்வர் விழுந்த மறுநாள் லாக் ஃபைலைத் திறந்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். "இந்த வார்னிங்கை எப்படிப்பா கவனிக்காம விட்டீங்க?" என்று மேனேஜர் கேட்பார். அதே மாதிரி வார்னிங் அன்று ஆயிரக்கணக்கில் வந்திருக்கும், சர்வர் விழாத நாட்களிலும் வந்திருக்கும். அட்டையில் 1939 என்று போடுவது, விழுந்த நேரத்தை முதலில் சொல்லிவிட்டு லாக்கைக் கையில் கொடுப்பது மாதிரி. அதை எடுத்துவிட்டால் நாமும் கொஞ்ச தூரம் சுகாதாரத் துறையை நம்பிக்கொண்டே போவோம். மருந்துக்கடைக்காரர் மார்ட்டினின் மனைவி ட்ரூடே ஆரம்பத்திலிருந்தே பயப்படுகிறாள். அவளுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் ஊர் நினைக்கிறது, நாமும் அப்படித்தான் நினைப்போம்.

சரி, கேலி செய்கிறாரா? அவர் வாழ்க்கையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1932-ல் செர்னோவிட்ஸ் பக்கத்தில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1941-ல் அம்மாவைக் கொன்றார்கள். பையன் அப்பாவோடு திரான்ஸ்னிஸ்திரியா முகாமுக்கு, அங்கிருந்து தப்பிக் காடுகளுக்கு, பிறகு சோவியத் படையின் சமையல்கட்டுக்கு, இத்தாலி வழியாக 1946-ல் பாலஸ்தீனத்துக்கு. பள்ளிப்படிப்பு ஒன்றாம் வகுப்போடு சரி. ஹீப்ரு அதற்குப் பிறகு கற்றது. அம்மாவின் மொழியே கொலைகாரர்களின் மொழியும்! ஜெர்மன் மங்க மங்க அம்மா இரண்டாவது முறை சாவதுபோல் இருந்ததைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஆக, பாடன்ஹைமின் ஜனங்கள் அவர் வீட்டு மனிதர்கள். ஜெர்மன் கலாச்சாரத்தை நம்பி, அதில் தாங்களும் ஒரு பகுதி என்று நினைத்தவர்கள். அவர்களை அவர்களுக்குத் தெரியாத மொழியில், வளர்ந்த பிறகு கற்றவனின் குட்டைக் குட்டை வாக்கியங்களில் எழுதுகிறார். குரல் உயர்வதே இல்லை. அந்த வறட்சியைச் சிலர் ஏளனம் என்று படிக்கிறார்கள். எனக்கு அது கை நடுங்காமல் இருக்க எடுத்துக்கொண்ட ஜாக்கிரதையாகப் படுகிறது.

ஒரு இடத்தில் மட்டும் பெர்ன்ஸ்டைன் பக்கம் சாய்கிறேன். ஹோட்டல் மீன்தொட்டியில் ஒரு வகை மீன் இன்னொரு வகையைக் கொன்றுபோட்ட கதை வருமே, அது வேண்டாத குறியீடு. அங்கே ஆசிரியர் நம் காதில் வந்து சொல்கிறார். மற்ற இடங்களில் அவர் சொல்வதில்லை, அட்டைதான் சொல்கிறது. வாங்கினால் முதல் வேலையாக அந்த வருடத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் படியுங்கள்.