மூன்றாம் மணி நேரத்தில் தெரியும் சீட்

பைக்குக்குப் புது சீட் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் செய்கிற காரியம், கட்டைவிரலால் அதை அமுக்கிப் பார்ப்பது. விரல் உள்ளே போனால் முகம் மலர்ந்துவிடும். கடைக்காரரும் அதைக் கவனித்து இன்னும் மெத்தென்ற ஒன்றை எடுத்துப் போடுவார். சென்னையின் ஜி.பி. ரோட்டில் மட்டுமில்லை, எந்த ஊர் ‘குஷன் ஒர்க்ஸ்’ கடைக்குப் போனாலும் இந்தச் சோதனைதான் நடக்கிறது. ஊருக்குள் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது போதும். சென்னையிலிருந்து மதுரைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஓட்டப்போகிறவரை இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். நீண்ட பயணத்துக்கான சீட்டின் தரம் அதன் வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவமும் ஒரு குறிப்பிட்ட உடம்புக்கென்று வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். ஆகவே அட்டைப்பெட்டியில் வருகிற புது சீட்டைவிட, கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் திருத்திக் கொடுத்த பழைய சீட்டே பெரும்பாலும் மேல் என்பது என் கட்சி.

உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் எடையில் பெரும்பங்கைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முடிச்சுகள். வெறுந்தரையில் கொஞ்ச நேரம் அமர்ந்தாலே அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாகக் கூடுதல். மெத்தென்ற ஸ்பாஞ்சில் உட்கார்ந்தால் முதல் கால்மணி நேரம் சுகம்தான். பிறகு அந்த முடிச்சுகளுக்குக் கீழே ஸ்பாஞ்ச் முழுக்க நசுங்கி, எலும்பு ஏறக்குறைய அடித்தட்டின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. சுற்றிலும் நசுங்காமல் நிற்கும் ஸ்பாஞ்சோ நடுப்பகுதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாய்களும் அழுந்துவதால்தான் மரத்துப்போகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால்களும் கைகளும் தாங்குவது போக 60 கிலோ சீட்டில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது 600 சதுர சென்டிமீட்டரில் பரவினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம். 1000 சதுர சென்டிமீட்டரில் பரவினால் 60 கிராம். இந்தப் பரப்பைக் கொடுப்பது வடிவம். கொடுத்த பரப்பை மூன்றாவது மணி நேரத்திலும் விட்டுவிடாமல் வைத்திருப்பதுதான் ஸ்பாஞ்சின் வேலை. அதற்கு அதில் விறைப்பு இருந்தாக வேண்டும்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் கடைகளில் நிலவும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. ‘40 டென்சிட்டி போட்டிருக்கேன் சார்’ என்று சொல்லும்போது, ஒரு கனமீட்டர் ஸ்பாஞ்ச் 40 கிலோ எடை என்பதுதான் பொருள். அது எவ்வளவு விறைப்பானது என்பது வேறு அளவு. ஒரே டென்சிட்டியில் மெத்தென்றும் செய்யலாம், விறைப்பாகவும் செய்யலாம். டென்சிட்டி சொல்வது பெரும்பாலும் ஆயுளைத்தான்: அதிகமானால் சீக்கிரம் அமுங்கிப் போகாது. துண்டு துணுக்குகளை ஒட்டி அழுத்திச் செய்கிற ரீபாண்டட் ஸ்பாஞ்ச் 80, 100 என்ற டென்சிட்டிகளில் கிடைக்கிறது. மேலே தனியாகப் போட்டால் பலகை மாதிரி இருக்கும். அடியில் போட்டு, மேலே ஒரு விரற்கடை மென்மையான ஸ்பாஞ்சை ஒட்டினால் அதுவே அருமையான அஸ்திவாரம். மெமரி ஃபோம் என்று கூடுதல் விலைக்கு விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960களில் நாசாவுக்காக, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து உருவான பொருள் அது. நல்ல பொருள்தான், ஆனால் சூடு ஏற ஏறத் தளரும் குணம் உடையது. மே மாதத்து நண்பகலில் வெயிலில் நின்ற கறுப்பு ரெக்சினுக்கு அடியில் அது எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

இந்தத் தொழிலின் அழகு முழுவதும் இனிமேல்தான். நல்ல கைவேலைக்காரர் வண்டி இல்லாமல் சீட்டை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார். ஓட்டுபவரை வண்டியில் உட்காரவைத்து, கால் ஃபுட்ரெஸ்டில், கை ஹேண்டில்பாரில் இருக்கும்போது எலும்பு எங்கே இறங்குகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். முதலில் அவர் பார்ப்பது சரிவை. பல பைக்குகளின் சீட் டேங்க்கை நோக்கிச் சரிந்திருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் வழுகும், ஓட்டுபவர் தன்னைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பார். வலிக்குப் பாதிக் காரணம் இந்த ஓயாத தள்ளல்தான். முன்பகுதியில் ஒரு ஆப்பு வடிவத் துண்டை ஒட்டி, பின்பகுதியைக் கொஞ்சம் செதுக்கி, உட்காரும் இடத்தை மட்டமாக்கினாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது அகலம். எலும்பு இறங்கும் இடத்தில் தாராளமாக விரிய வேண்டும், முன்னால் தொடை உரசும் இடத்தில் ஒடுங்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே விளிம்பு தெரியாமல் உருள வேண்டும். கத்தியால் வெட்டி, கிரைண்டரால் தேய்த்து, உள்ளங்கையால் தடவித் தடவி மேடு பள்ளம் பார்த்து இந்த உருளலைக் கொண்டுவருவதுதான் கைவண்ணம். கடைசியில் உறை. ஸ்பாஞ்சை எவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருந்தாலும், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ரெக்சினை மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டிவிட்டால் உழைப்பு வீண். உடம்பு ஸ்பாஞ்சைத் தொடாமல் உறையின் மேலேயே நிற்கும். தையல் எலும்புக்குக் கீழே வரக்கூடாது. ஊசித்துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கும், ஸ்பாஞ்ச் அதைக் குடித்துவிட்டு இரண்டு நாளைக்கு விடாது. ஆகவே தையலை ஓரத்துக்குத் தள்ளி, அடியில் பசை தடவுகிறவர் தொழில் தெரிந்தவர். வைர வடிவத் தையல் எவ்வளவு கண்ணைப் பறித்தாலும் உட்காரும் இடத்தில் அது எனக்கு உடன்பாடில்லை.

விறைப்பான சீட்டை ஆதரிக்க ஆதாரம் தேட வேண்டியதில்லை. மிக நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களின் வண்டிகளைப் பார்த்தால் போதும். அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் வகுத்த ‘சேடல்சோர் 1000’ என்ற சவால், 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில் பேர்பெற்ற ரஸ்ஸல் டே-லாங் சீட்டுக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்த தாங்கல் உண்டு. பார்க்க அழகில்லை, ஆனால் தொடையின் அடிப்பகுதிவரை எடையை வாங்கிக்கொள்கிறது. கலிபோர்னியாவின் ஹாலிஸ்டரில் செய்யப்படும் கார்பின் தோல் சீட்டோ, புதிதில் கட்டையாக இருக்கிறது என்று பலரைப் புலம்பவைக்கும். ஓட்ட ஓட்டத் தோலும் ஸ்பாஞ்சும் ஆளுக்குப் படியும். நம் ஊரில் பலர் ஏக்கத்தோடு கேட்பது புல்லட்டின் ஸ்பிரிங் சீட். அது பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லாத காலத்தின் ஏற்பாடு. 1949இல் புல்லட்டுக்கே ஸ்விங்ஆர்ம் வந்துவிட்டது. இன்றைய வண்டியில் சீட்டுக்கடியில் தனியாக ஸ்பிரிங் வைத்தால், ஷாக் அப்சார்பர் அடக்கிய ஆட்டத்தை அது தன் போக்கில் மறுபடி ஆடும். பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்; கன்னியாகுமரிவரை ஓட்டுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பெனி இன்ஜினியர்களுக்குத் தெரியாததா தெருமுனை குஷன் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஜினியர்களின் அறிவில் குறை இல்லை. ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே சீட் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. சீட் உயரம் என்ற எண்ணைக் குறைத்துக் காட்டவும் வேண்டும், ஷோரூமில் கட்டைவிரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். ராயல் என்ஃபீல்டு போன்ற கம்பெனிகளே டூரிங் சீட் என்று தனியாக விற்பதிலிருந்து, வண்டியோடு வரும் சீட் எல்லாப் பயணத்துக்கும் ஆனதில்லை என்று அவர்களுக்கும் தெரியும் என்றாகிறது. சீட்டே வேண்டாம், மேலே போடும் காற்றுத் தலையணை போதும் என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்கச் செய்த காற்றறை மெத்தைகளின் வழியில் வந்ததுதான் ஏர்ஹாக் என்ற காற்றுத் தலையணை. அதைக் கெட்டியாக ஊதி வைத்துக்கொண்டு பயனில்லை என்பவர்களே அதிகம். உட்கார்ந்துகொண்டு, எலும்பு சீட்டைத் தொடுவதற்கு மயிரிழை முன்புவரை காற்றை இறக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் வளைவுகளில் உடம்பு லேசாக மிதக்கும். மட்டமான சீட்டின் மேல் அது நன்றாக வேலை செய்யும். சரிந்த சீட்டின் மேல் அதுவும் சேர்ந்து சரியும். மணிக்கொருமுறை இறங்கி நடந்தால் எந்த சீட்டும் சரிதான் என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இறங்கி நடப்பது எந்த சீட்டுக்கும் அவசியம். ஆனால் அரைமணியில் இறக்கிவிடுகிற சீட்டையும் இரண்டரை மணிவரை தாங்குகிற சீட்டையும் ஒன்றாக்கிவிட அதனால் முடியாது. இன்னொன்று: ஹேண்டில்பார் உயர்ந்து முதுகு பின்னால் சாய்ந்தால் எடை வால் எலும்புக்குப் போய்விடும். அந்த வலிக்கு சீட்டைத் திருத்திப் பயனில்லை, ஹேண்டிலைத்தான் திருத்த வேண்டும்.

பின்னால் அமர்பவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பது இந்தத் தொழிலில் எனக்குள்ள பெரிய மனக்குறை. முன்பக்கத்துக்கு மூன்று அடுக்கு ஸ்பாஞ்ச் கேட்கிறவர் பின்பக்கத்துக்குக் கவர் மட்டும் மாற்றச் சொல்கிறார். தூரப் பயணத்துக்கு இருபுறமும் கால் போட்டு அமர்வதுதான் பாதுகாப்பு. ஆனால் ஊருக்குள் சேலை கட்டி ஒருபக்கமாக, வழக்கமாக இடப்பக்கம், கால் தொங்கவிட்டு அமர்கிற பெண்களுக்கு எடை முழுவதும் இடது விளிம்பில் இறங்குகிறது. மெத்தென்ற சீட்டில் முதலில் குழிவதும் அந்த ஓரம்தான். குழிந்துவிட்டால் அவர் வெளிப்பக்கமாகச் சரிவார், பிடிமானத்துக்கு ஓட்டுபவரின் தோளைத்தான் இறுக்குவார். இடது ஓரத்தில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு ரீபாண்டட் பட்டை ஒன்றை உள்ளே வைத்து, விளிம்பைத் தொடைக்கடியில் உறுத்தாமல் உருட்டிவிடச் சொல்லுங்கள். இதைத் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும், கேட்காமல் யாரும் செய்வதில்லை.