பொத்தான் கண் அம்மா: 'கோரலைன்' யாரைப் பயமுறுத்துகிறது?

நீல் கெய்மனின் 'கோரலைன்' (2002) நாவலைக் குழந்தைகள் சாகசக் கதையாகப் படிக்கிறார்கள், பெரியவர்கள்தான் பயந்துபோகிறார்கள். கெய்மனே இதைச் சொல்லியிருக்கிறார். ஏன் இப்படி? இந்த நாவலின் விஷயமே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1764இல் வால்போல் எழுதிய 'ஓட்ரான்டோ கோட்டை' தொடங்கி கோதிக் கதைகளுக்கு என்று சில சாமான்கள் உண்டு. பழைய கட்டடம், பூட்டிய கதவு, அடைபட்ட பெண். கெய்மன் இதையெல்லாம் ஒரு பழைய வீட்டைப் பிரித்துப் போட்ட ஃப்ளாட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். கோரலைனின் அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தொந்தரவு பண்ணாம போய் வீட்டில் எத்தனை கதவு, ஜன்னல் இருக்குன்னு எண்ணிட்டு வா என்று அனுப்புகிறார் அப்பா. மொத்தம் 14 கதவுகள். அதில் திறக்காத ஒன்றுக்குப் பின்னால்தான் 'இன்னொரு அம்மா' காத்திருக்கிறாள். ருசியான சாப்பாடு, விளையாட நேரம், முழுக் கவனம் எல்லாம் தருகிறாள். கண் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பொத்தான். கோரலைனும் கண்ணில் பொத்தான் தைத்துக்கொண்டால் அங்கேயே இருந்துவிடலாம்.

1882இல் லூசி கிளிஃபோர்ட் எழுதிய 'புது அம்மா' என்ற கதையை இதோடு வைத்துப் பாருங்க. குறும்பு பண்ணிய பிள்ளைகளை விட்டுவிட்டு அம்மா போய்விடுகிறாள். கண்ணாடிக் கண்ணும் மரவாலும் உள்ள புது அம்மா வருகிறாள். நம்ம ஊர் பூச்சாண்டி மாதிரி, சொன்ன பேச்சு கேட்க வைக்கும் கதை. கெய்மன் இதைத் தலைகீழாக்குகிறார். அவருடைய புது அம்மா தண்டனை இல்லை, தூண்டில்.

தேவதைக் கதைகளின் கொடுமைக்காரச் சித்தி, அம்மா மேல் வரும் கோபத்தைக் குழந்தை பாதுகாப்பாக இறக்கிவைக்கும் இடம் என்றார் பெட்டல்ஹைம் (1976). அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. இங்கே அன்பைக் கொட்டுகிறவள்தான் விழுங்க வருகிறாள். வின்னிகாட் இன்னும் உதவுகிறார். நல்ல அம்மா என்றால் எல்லாத் தேவையையும் எப்போதும் நிறைவேற்றுபவள் அல்ல, குழந்தை தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏமாற்றமும் தருபவள் என்பது அவர் வாதம். கவனிக்காத அப்பா எண்ணச் சொன்னதால்தானே கோரலைன் கதவைப் பார்த்தாள்! கேட்டதெல்லாம் கிடைத்தால் அப்புறம் ஆசைப்பட என்ன இருக்கும் என்று அவளே பின்னால் கேட்கிறாள்.

பெரியவர்களின் பயம் இங்கிருந்துதான் வருகிறது. குழந்தை கோரலைன் பக்கம் நின்று படிக்கிறது. நாம் ரெண்டு அம்மாவிலும் நம்மைப் பார்க்கிறோம். முதலாமவளைப் பார்த்தால் குற்ற உணர்ச்சி. அதைச் சரிக்கட்ட முழுசாக அணைத்துக்கொள்ளப் போனால் இரண்டாமவள் ஆகிவிடுவோமோ என்ற திகில்.

குறை இல்லாமல் இல்லை. பேய்க் குழந்தைகள் மூவரின் ஆன்மாக்களைத் தேடும் பகுதி வீடியோ கேம் மாதிரி லெவல் லெவலாகப் போகிறது. ஆனால் முடிவு அபாரம். துரத்தி வரும் கையைப் பிடிக்க, பாழுங்கிணற்றின் வாயில் விரிப்பைப் போட்டு, பொம்மைகளோடு டீ விருந்து விளையாடுகிறாள் கோரலைன். தன்னந்தனியாக. 2009 படத்தில் வைபி என்ற பையனைச் சேர்த்து, கடைசியில் அவனை உதவிக்கு வரவைத்தார்கள். பெரிய இழப்பு அது. குழந்தையின் விளையாட்டே அவளுடைய ஆயுதம் என்பதுதான் புத்தகத்தின் பலம்.

குழந்தைக்குத் தாராளமாகக் கொடுங்க. முதலில் நீங்க படிச்சிடுங்க.