கார்வை தேடும் கம்பிகள்

மாண்டலின் குடும்பத்து வாத்தியங்களுக்கெல்லாம் ஒரு பிறவிக் குறை உண்டு: மீட்டிய ஸ்வரம் நிற்காது. கணீரென்று எழும் நாதம் எழுந்த வேகத்திலேயே மெலிந்துவிடும். வயலினுக்கு வில் இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது. மாண்டலின் கலைஞரின் கையில் இருப்பது ஒரு சின்ன பிளெக்ட்ரம் மட்டும்தான். கார்வைக்கு இடமில்லாத அந்த வாத்தியத்தைப் பாட வைக்க நம் நாட்டில் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று பம்பாயின் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் செழித்தது, மற்றொன்று கர்நாடக சங்கீத மேடையில். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்த தமிழ்க் காதுகளுக்கு இரண்டுமே சொந்த ஊர்ச் சங்கதி. ரேடியோவைத் திருப்பினால் இந்திப் பாட்டு, சாயங்காலம் சபாவுக்குப் போனால் கச்சேரி. மாண்டலினை முழுசாக ரசிக்க இதைவிடத் தோதான ஊர் வேறு கிடையாது.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். இன்று நாம் காணும் மாண்டலின் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உருவெடுத்தது. எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். வயலினைப் போலவே சுருதி சேர்ப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு பஞ்சம தூரம். வயலினுக்கு வியோலா எப்படியோ, மாண்டலினுக்கு மாண்டலா அப்படி. உடல் பெரிது, கம்பி நீளம், குரல் ஒரு பஞ்சமம் கீழே. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, செல்லோவின் இடத்தில் மாண்டோசெல்லோ. மாண்டலின் கம்பியின் ஒலிக்கும் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். மாண்டலாவில் அது 40-ஐத் தாண்டும். இந்தச் சில சென்டிமீட்டரில் குரலின் குணமே மாறிவிடுகிறது. மாண்டலின் மின்னும், மாண்டலா கனிந்து பேசும்.

பம்பாய் கண்ட வழிக்குப் பெயர் ட்ரெமலோ. பிளெக்ட்ரத்தை ஒரே ஸ்வரத்தின்மேல் மேலும் கீழுமாகப் படுவேகமாக ஓட்டினால், அறுந்து அறுந்து விழவேண்டிய நாதம் ஒரே இழையாக நீளும். ஜோடிக் கம்பிகள் இரண்டும் அச்சு அசலாக ஒரே சுருதியில் நிற்பதில்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் நாதத்துக்கு ஒரு நடுக்கத்தையும் ஈரத்தையும் தருகிறது. காதலுக்கும் ஏக்கத்துக்கும் இந்தி சினிமா இதை விடாமல் பற்றிக்கொண்டது. 1951-இல் வந்த 'ஆவாரா'வின் கனவுக் காட்சிப் பாட்டிலிருந்து, 1995-இல் வந்து மராத்தா மந்திர் தியேட்டரில் ஆயிரம் வாரத்துக்கு மேல் ஓடிய 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'யில் ஷாருக் கான் கையில் ஏந்தி வரும் மாண்டலின் வரை, அந்த ஈரம் காயவே இல்லை. லக்ஷ்மிகாந்த் - பியாரேலால் ஜோடியில் லக்ஷ்மிகாந்த் மாண்டலின் வாசித்துத்தான் சினிமா இசைக்குள் வந்தார். சரோதும் மாண்டலினும் வாசித்த கிஷோர் தேசாய் பல பத்தாண்டுகள் அந்தக் கூடங்களில் உழைத்தார்.

இவர்களுள் தனித்து நிற்பவர் சஜ்ஜாத் ஹுசேன். 'சங்தில்' (1952), 'ருஸ்தம் சோராப்' (1963) படங்களின் இசையமைப்பாளர். மெட்டுக்கு (ஃப்ரெட்) மெட்டு துண்டாக நிற்கும் மாண்டலினில் இந்துஸ்தானி ராகங்களை 'மீண்ட்' எனும் வழுக்கலோடு வாசித்துக் காட்டியவர். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதை ஜோடிக் கம்பிகளில் சாதிப்பது எவ்வளவு கடினம் என்பதை, வாத்தியத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தாலே உணரலாம். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு கம்பியும் ஒரே அளவில் ஏறாது, நாதம் பிளந்துவிடும்.

அந்தப் பிளவைக் கர்நாடக மேடையில் அடியோடு நீக்கியவர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ். 1969-இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். அவருடைய குரு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சிஷ்யர், வாய்ப்பாட்டுக்காரர். குரு பாடுவார், பையன் அதை மாண்டலினில் கொண்டுவருவான். வாத்தியத்தின் வழக்கமான விரலடவுகளைப் பழகாமல், குரலைத் துரத்திப் பழகிய கை அது. 1978-இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, 1981-இல் சென்னை மார்கழி மேடை. ஜோடிக் கம்பிகளை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பிகள், கார்வைக்கு மின்சாரம், மந்தர ஸ்தாயிக்கு ஐந்தாவதாக ஒரு கம்பி. அவர் வாத்தியத்தில் செய்த மாற்றம் இவ்வளவுதான். ஆனால் மாண்டலினின் தலையெழுத்தே அதில் மாறிவிட்டது.

அவர் வாசிப்பில் வேகத்தைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால், கதனகுதூகலத்தில் அவர் சிட்டாகப் பறப்பது வாத்தியம் தானாகவே கொடுக்கும் வரம். அந்த ராகத்தின் ஸ்வரங்கள் நேராக நிற்பவை, மெட்டுகளுக்கு ஏற்றவை. அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் விளம்பத்தில் தோடியையோ பைரவியையோ கேட்க வேண்டும். வீணைக் கம்பியின் நீளத்தில் பாதிகூட இல்லாத கம்பி அது. கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் ஸ்வரம் எகிறிவிடும். தோடியின் காந்தாரத்தை அந்த இம்மியளவு இடத்துக்குள் அசைக்க விரல் நுனியில் எத்தனை நிதானம் வேண்டும்! கமகம் முடிந்து ஸ்வரம் ஓயும் இடத்தில் அவர் அவசரப்பட மாட்டார். அடுத்த மீட்டை, முந்தைய நாதம் வற்றுவதற்குச் சற்று முன்பாகத் தொடுப்பார். மீட்டின் ஓசை காதில் படாது, பாட்டுதான் படும்.

சினிமாக் குரலும் கர்நாடக மாண்டலினும் மும்பையில் ஒரே மேடையில் கைகோத்ததும் உண்டு. 2000 டிசம்பரில் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், தபலா கலைஞர் ஜாகிர் ஹுசேன் குழுவினர் இந்நகரில் நடத்திய கச்சேரி, மறு ஆண்டு 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்ற இசைத்தட்டாக வந்தது. அதில் ஸ்ரீனிவாஸும், செம்பூரில் பிறந்து வளர்ந்து சினிமாவில் பெயரெடுத்த சங்கர் மகாதேவனும் இருக்கிறார்கள். தியாகராஜரின் 'கிரிராஜஸுதா' அதில் இடம்பெறுகிறது. சங்கர் குரலில் தொடுக்கும் சங்கதிக்கு மாண்டலின் பதில் சொல்லும் இடங்களைக் கவனியுங்கள். குரல் எங்கே நெளிகிறதோ அங்கே கம்பியும் நெளிகிறது. 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் ஸ்ரீனிவாஸ் மறைந்தார். அந்தப் பதில்கள் இன்றும் புதிதாகவே இருக்கின்றன.

இவ்வளவும் கேட்டபிறகு எனக்கு ஓர் ஆசை வலுத்திருக்கிறது. மாண்டலினின் அடிக்கம்பி ஐந்து கட்டை, பல பாடகிகளின் சுருதியை ஒட்டியது. மாண்டலாவின் அடிக்கம்பி ஒரு கட்டை, பாடகர்கள் பலர் பாடும் சுருதி. அதன் அடி இரண்டு கம்பிகள் பிறப்பிலேயே ஷட்ஜமும் பஞ்சமமுமாக நிற்கின்றன. கம்பியும் நீளம், ஆகவே கமகத்துக்குத் தாராளமான இடம். ஸ்ரீனிவாஸ் ஐந்தாவது கம்பியைச் சேர்த்துத் தேடிய மந்தரக் குரல் மாண்டலாவில் இயல்பாகவே குடியிருக்கிறது. அவர் காட்டியபடி ஒற்றைக் கம்பி போட்டு, கார்வைக்கு ஆம்ப்ளிஃபையர் வைத்தால், வராளியும் சஹானாவும் நிதானமாக உட்கார்ந்து பேசும் ஒரு கச்சேரி வாத்தியம் தயார். மும்பையில் கிங்ஸ் சர்க்கிளில் ஷண்முகானந்தா சபா இருக்கிறது, செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சபா இருக்கிறது, கேட்கத் தெரிந்த ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மாண்டலின் கற்கும் பிள்ளைகளில் ஒருவராவது மாண்டலாவைக் கையில் எடுக்க வேண்டும். சபாக்காரர்கள் அவருக்கு மாலைக் கச்சேரியே கொடுக்க வேண்டும். மாண்டலினை வாத்திய விநோதமாகப் பார்த்த காலத்தில் ஒரு சிறுவனுக்கு மேடை கொடுத்ததால்தான் நமக்கு ஸ்ரீனிவாஸ் கிடைத்தார்.