நிறமில்லாத விஸ்கியும் நிறம் பூசிய விஸ்கியும்

பீப்பாயில் ஊறாத வெள்ளை விஸ்கியைக் காசு கொடுத்து வாங்கலாமா? ஆன்சைட் போய்த் திரும்பும் நண்பர்கள் இப்போது ட்யூட்டி ஃப்ரீ பையோடு இந்தக் கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். கண்ணாடி ஜாடியில் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். லேபிளில் 'மூன்ஷைன்' என்றோ 'கார்ன் விஸ்கி' என்றோ போட்டிருக்கும். பார்த்தவுடன் நம்மாட்கள் சொல்வது ஒன்றுதான்: "டேய், இது சாராயம்டா." சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே ஆட்கள் குமணன்சாவடியில் வாங்கும் பொன்னிற குவார்ட்டரை மட்டும் கேள்வியே இல்லாமல் விஸ்கி என்று நம்புகிறார்கள். பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம்மூர் மலிவு விஸ்கியின் அடிப்படை பெரும்பாலும் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு. அதைப் புளிக்க வைத்து, உயரமான கோபுரங்களில் கிட்டத்தட்ட 96 சதவீதம் வரை வடித்தால் மணமும் குணமும் போய் வெறும் எரிசாராயம் மிஞ்சும். தண்ணீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, வாசனையும் கேரமல் நிறமும் சேர்த்தால் குவார்ட்டர் ரெடி. கொஞ்சம் விலை கூடிய பிராண்டுகளில் தானியச் சாராயமும் சிறிதளவு மால்ட்டும் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி விஸ்கி என்றால் தானியத்திலிருந்து வந்திருக்க வேண்டும், மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்திருக்க வேண்டும். மொலாசஸ் சரக்கு அந்தப் பெயரில் அங்கே கடையேற முடியாது. ஆக, ஊறாத சரக்கு நமக்குப் புதிதல்ல. நிறம் பூசாமல் வந்தால்தான் முகம் சுளிக்கிறோம்.

அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. எரிசாராயம் என்பது ருசியை வேண்டுமென்றே துடைத்தெடுத்த பொருள். நல்ல வெள்ளை விஸ்கியில் ருசியை விட்டுவைத்திருப்பார்கள். முந்தி வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் பிடிப்பார்கள். எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கைவண்ணம் இருக்கிறது. மக்காச்சோளத்தில் செய்ததை முகர்ந்தால் குக்கரில் வெந்த சோளம், புளித்த மாவு, லேசாகப் பேரிக்காய் வாசனை வரும். நாக்கில் எண்ணெய்ப் பசை, இனிப்பு, பிறகு தொண்டையில் காரம். ராவாக அடித்தால் காரம் மட்டும்தான் தெரியும். சில சொட்டுத் தண்ணீர் விட்டால் தானியம் பேச ஆரம்பிக்கும்.

பேசும், ஆனால் சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும். இதுதான் அதன் குறை. பீப்பாய் நிறம் மட்டும் கொடுப்பதில்லை. வெனிலா வாசனையும் துவர்ப்பும் தருகிறது. கருக்கிய உட்பக்கம் கந்தக நெடியை உறிஞ்சுகிறது. மரத்தின் வழியே புகும் காற்று முரட்டுத்தனத்தைத் தணிக்கிறது. இதற்கெல்லாம் விலை உண்டு: ஸ்காட்லாந்தில் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், 2004ல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்திய பெங்களூரு அம்ருத்துக்கு அந்த இழப்பு 10 சதவீதத்துக்கு மேல்.

பீப்பாயும் இல்லை, ஆவி இழப்பும் இல்லை, காத்திருப்பும் இல்லை என்றால் வெள்ளை விஸ்கி மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? 2012 இறுதியில் ஜாக் டேனியல்ஸ் தன் ஊறாத ரை சாராயத்தைச் சுமார் 50 டாலருக்கு விற்றது. அதே நிறுவனத்தின் ஊறிய கறுப்பு லேபிள் ஏறக்குறைய அதில் பாதி விலை. சின்ன வடிசாலைகளின் கதை வேறு. பீப்பாய் முதிரும்வரை சம்பளம் போட வேண்டும், அதனால் வெள்ளையாகவே விற்கிறார்கள். அந்த நெருக்கடி புரிகிறது. பெரிய கம்பெனி கேட்கும் 50 டாலர் ஜாடிக்கும் கதைக்கும்தான்.

அந்தக் கதை நம்மிடம் எடுபடாது. ராத்திரியில் மறைந்து காய்ச்சிய அமெரிக்கத் தாத்தா இன்று லேபிளில் நாயகன். நம்மூரில் ஊறல் என்றால் போலீஸ் கவிழ்க்கும் பானை, இல்லையென்றால் பிணவறை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கொன்றது மெத்தனால். முறையாகப் புளிக்க வைத்த தானியத்தில் மெத்தனால் மிகச் சொற்பம், ஆளைக் கொல்லும் அளவு வெளியிலிருந்து கலக்கப்படுவது. ஆனால் நம் நினைவில் வெள்ளைச் சரக்கும் விஷமும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உரிமம் பெற்ற சீல் வைத்த பாட்டில் தவிர எதையும், எவ்வளவு கைராசிக்காரர் காய்ச்சினாலும், தொடாதீர்கள்.

ஆனால் அந்தப் பயம் இன்னொன்றையும் மறைத்துவிட்டது: ஊறாமலே முழுமையான சாராயங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மத்திய இந்தியாவில் இலுப்பைப்பூ வடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளை வடித்துச் சாராயமாக்கும் இடத்துக்குத் திக்கம் வடிசாலை என்று மரியாதையாக ஒரு பெயர் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்கே தடை, பிறகு எங்கே வடிப்பது? பனை நமக்கு மாநில மரம். கடையில் கிடைப்பதோ கேரமல் பூசிய மொலாசஸ்.

ஃபெனியைப் பீப்பாய்க்குப் போகும் வழியில் யாரும் பாதியில் இறக்கிவிடவில்லை, அதன் பயணமே அவ்வளவுதான். வெள்ளை விஸ்கி பாதி வழியில் இறங்கியது. அதனால் என் கணக்கு இது: குடிப்பவராக இருந்தால், நாலு பேர் சேர்ந்து சின்ன பாட்டில் ஒன்று, ஒரே ஒரு தடவை, சின்ன வடிசாலையில் செய்ததாக. பக்கத்தில் அதே வடிசாலையின் ஊறிய விஸ்கியை வைத்து ஒப்பிட்டுக் குடியுங்கள். மரம் எவ்வளவு செய்கிறது, தானியம் எவ்வளவு செய்கிறது என்பது நாக்குக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது பாட்டிலுக்கு வைத்திருக்கும் காசில் கோவா போனால் ஃபெனி வாங்குங்கள். குடிக்காதவர் இதற்காக ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை.