தனிமரம் தோப்பாகுமா?

ஊரே வேலை நிறுத்தம் செய்கையில் ஒரு குடும்பம் மட்டும் தொழிலை நடத்திக்கொண்டிருந்தால், அதனை வீரம் என்பதா, துரோகம் என்பதா? இவ்வினாவை எழுப்புவது ‘சம்டைம்ஸ் எ கிரேட் நோஷன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம். கென் கீஸி 1964இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய இப்படம், பால் நியூமன் இயக்கி நடித்து 1971இல் வெளிவந்தது.

ஒரிகன் மாநிலத்து ஆற்றோர ஊரொன்றில் மரவெட்டுத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இருக்கின்றனர். ஸ்டாம்ப்பர் குடும்பத்தாரோ ஆலையுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டித் தொடர்ந்து மரம் வெட்டுகின்றனர். ஓரங்குலமும் விட்டுக்கொடுக்கலாகாது என்பதே கிழவர் ஹென்றியின் கொள்கை. அவராக ஹென்றி போண்டாவும், மகன் ஹேங்க்காக நியூமனும் நடித்துள்ளனர்.

சொன்ன சொல்லைக் காப்பது நற்பண்பே. ஆயினும் படத்தின் உயிர்நாடியான காட்சி, இக்குடும்பத்தின் செருக்கையே மறுத்துரைக்கிறது. சாய்ந்த மரமொன்று ஜோ பென் என்பவனை ஆற்றோரத்தில் அழுத்திப் பிடிக்கிறது. நீர் ஏறுகிறது. அவன் தலை மூழ்கிய பின்னர், ஹேங்க் தன் மூச்சையே அவன் வாயில் ஊதி உயிரைத் தாங்குகிறான். நெடுநேரம் முயன்றும் பயனில்லை. எவர் தயவும் வேண்டாம் என்றிருந்த குடும்பத்தில், ஒருவன் மற்றொருவனின் மூச்சால் வாழ நேர்கிறது! இன்னும் பத்துக் கைகள் அங்கே இருந்திருந்தால்? படம் இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஜோ பென்னாக நடித்த ரிச்சர்ட் ஜேக்கல், சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது முற்றிலும் பொருத்தமே.

குறையும் உண்டு. வேலை நிறுத்தக்காரர்களின் கோரிக்கை இன்னதென்று மனத்தில் பதியும்படி சொல்லப்படவில்லை. அவர்தம் வீட்டு அடுப்பின் நிலையையும் நாம் அறியோம். ஒரு கட்சியின் வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது நடுவுநிலைமையாகுமா?

இறுதியில் தந்தை மாண்டார். மனைவி விவ் பிரிந்து சென்றாள். ஹேங்க்கோ தம்பி லீயின் துணையோடு மரத்தெப்பங்களை ஆற்றில் இழுத்துச் செல்கிறான். விபத்தில் துண்டான தந்தையின் கையை, நடுவிரல் மட்டும் நீட்டி நிற்க, படகின் உச்சியில் கட்டி ஊராரை ஏளனம் செய்கிறான். இதனை வெற்றியெனக் கைதட்டுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மரங்கள் ஆலைக்குப் போகலாம். ஆனால் திரும்பி வரும்போது அவனை வரவேற்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? தனிமரம் தோப்பாகாது என்பதை மரம் வெட்டியே பிழைத்த குடும்பம் உணரவில்லை. பார்ப்போராவது உணர்தல் வேண்டும்.