துப்பாக்கியின் கர்த்தா யார்?

பழம்பொருள் ஒன்றின்மீது ஒரு பெயரைக் கண்டவுடன், அதுவே அப்பொருளைச் செய்தோன் பெயர் எனத் துணிதல் மக்களுக்கு இயல்பு. ஏட்டுச்சுவடியின் இறுதியிற் காணும் பெயர் நூலை இயற்றியவனுடையதோ, படியெடுத்தவனுடையதோ என ஆராயாது எவரும் முடிவு கூறார். ஆனால், வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய றைபிள் துப்பாக்கிகளுக்குக் கர்த்தா காண முயல்வோர் பலர் இவ்வெச்சரிக்கையைக் கைவிட்டுவிடுகின்றனர். அதனால் விளையும் பிழைக்கு 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்ட் றைபிள் தக்க சான்றாகும்.

பிரித்தானியப் படைக்கென வகுக்கப்பட்ட இத்துப்பாக்கியின் குழல் 39 அங்குல நீளமும் 0.577 அங்குல வாய்விட்டமும் உடையது. உட்புறத்தே மூன்று சுரிபள்ளங்கள் ஓடும். இதன் தோட்டாக்களிற் பூசப்பட்ட கொழுப்புப் பற்றி எழுந்த ஐயம், 1857இல் இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பினரும் இதனைப் பெருந்தொகையாக வாங்கினர்.

இவற்றுட் பலவற்றின் விசைப்பொறித் தகட்டில் ஒரு முடியும், ஓர் ஆண்டும், ‘டவர்’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கும். இச்சொல்லைக் கண்டோர், துப்பாக்கி இலண்டன் கோபுரக் கோட்டையிற் செய்யப்பட்டதெனக் கூறிவிடுவர். இக்கூற்று பொருந்தாது. அரசினர் ஒப்பந்தகாரரிடம் பெற்ற ஆயுதங்களைப் பார்வையிட்டு ஏற்ற நிலையத்தையே அச்சொல் முதலிற் சுட்டியது. பின்னர், அந்நிலையத்தோடு தொடர்பற்ற வணிகரும் அயல்நாடுகளுக்கு அனுப்பிய துப்பாக்கிகளில் அதனையே பொறித்தனர். ஆகவே அது செய்தோன் பெயரன்று; மதிப்பைத் தேடித்தந்த ஒரு சொல்லேயாம்.

‘என்பீல்ட்’ என்னும் சொல்லின் நிலை வேறு. தகட்டில் அச்சொல் இருப்பின், அது அரசினரின் என்பீல்ட் தொழிற்சாலையைக் குறிக்கும். அங்கு அமெரிக்காவிலிருந்து தருவித்த இயந்திரங்களின் துணையால், ஒன்றன் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தத்தக்க வகையில் துப்பாக்கிகள் ஆக்கப்பட்டன. எனவே ஒரே மாதிரியிற் செய்த இரு துப்பாக்கிகளில், ஒன்றன் பெயர் செய்த இடத்தைக் கூற, மற்றையதன் பெயர் அதனைக் கூறாதொழிகின்றது.

இனி, குழலின்மேற் காணும் சோதனை முத்திரைகளை நோக்குதல் வேண்டும். பேர்மிங்காம் சோதனைச் சாலை 1813இற் சட்டத்தால் நிறுவப்பட்டது. வழக்கத்தினும் மிகுதியான மருந்திட்டுச் சுட்டும் பிளவாத குழலுக்கே அங்கு முத்திரை இடப்பட்டது. அம்முத்திரை சோதித்த இடத்தை உணர்த்துமேயன்றிச் செய்தோனை உணர்த்தாது. அதன் அருகிற் காணும் 25 என்னும் எண்ணைச் சிலர் ஆண்டென்றும், சிலர் தொழிலாளியின் இலக்கமென்றும் மயங்குவர். ஓர் இறாத்தல் ஈயத்தில் 25 குண்டுகள் வார்த்தால் அவற்றுள் ஒன்றுக்கு அமையும் பருமனைக்கொண்டு குழலின் வாயை அளவிட்ட குறியே அது. அகன்ற அம்புக் குறியோ அரசினரின் உடைமை என்பதற்கு அடையாளம்.

உண்மையான சான்று பெரும்பாலும் மறைவிடத்தே கிடக்கும். கட்டையினின்று குழலைக் கழற்றினால், அதன் அடிப்புறத்திற் குழல் செய்தோனின் பெயரோ முதலெழுத்துக்களோ காணப்படலாம். கெட்டிக்கும் கோல் கிடக்கும் பள்ளத்திற் கட்டை அமைத்தோனின் முத்திரையும், விசைப்பொறியின் உட்புறத்தே வேறொருவனின் எழுத்துக்களும் இருத்தல் உண்டு. ஒரே துப்பாக்கியில் மூன்று பெயர்கள் காணப்படின், ஆராய்ச்சியாளன் திகைத்தல் வேண்டா. பேர்மிங்காமில் குழல் அடிப்போர், சுரிபள்ளம் இடுவோர், விசைப்பொறி அராவுவோர், கட்டை செதுக்குவோர், இறுதியில் யாவற்றையும் பொருத்துவோர் எனத் தொழில் பலவாகப் பகுக்கப்பட்டிருந்தது. வெளியே துலங்கும் பெயருக்குரியவன் இவருள் ஒருவனாதல் வேண்டுமென்பதில்லை. பணம் கொடுத்துச் செய்வித்த வணிகனாகவும் இருக்கலாம்.

ஆதலின் ‘இதனைச் செய்தவன் யார்?’ என்னும் வினாவே திருத்தத்திற்கு உரியது. ‘எந்த உறுப்பை எவன் செய்தான்? அவற்றைப் பொருத்தியவன் எவன்?’ என வினாவுதலே முறை. உறுப்புக்களில் அரத்தால் இட்ட கீறல்களும் திருகாணிகளின் குறிகளும் தம்முள் ஒத்திருப்பின், அவை தொடக்கத்திலேயே ஒருங்கு சேர்க்கப்பட்டவை எனக் கொள்ளலாம். ஒவ்வாதிருப்பின், பிற்காலத்தார் பல துப்பாக்கிகளின் உறுப்புக்களை ஒன்றாக்கினரோ என ஐயுறல் வேண்டும். முத்திரையின் எழுத்துக்கள் பிழைபட்டோ தலைகீழாகவோ இருப்பின், அம்மொழி அறியாத கொல்லன் ஒருவன் பார்த்துச் செய்த படியாதலும் கூடும்.

இவ்வாராய்ச்சி விலை மதிப்போர்க்கு மட்டும் உரியதன்று. காட்சிச்சாலையின் பெயர்ச்சீட்டிற் புகழ்பெற்ற பெயரொன்றை அவசரப்பட்டு எழுதுங்கால், உலைக்களத்தில் உழைத்த ஒருவனின் உரிமை அவனறியாமலே பறிக்கப்படுகின்றது. குழலின் அடியில் அவன் இட்ட இரண்டு எழுத்துக்களே அவன் உலகில் விட்டுச்சென்ற ஒரே சான்றாகவும் இருக்கலாம். அதனைத் தேடிக் காண்பது ஆராய்ச்சியாளனின் கடன். கிடைக்காவிடத்து, ‘செய்தோன் அறியப்படவில்லை’ என எழுதி அமைதலே நேர்மை. வெற்றிடத்தைப் பொய்ப்பெயரால் நிரப்புதல் அறிவன்று.